கடும் டயட்டா, 16 மணி நேர விரதமா, மெல்லக் குறைப்பதா?

அக்கா மகள் கல்யாணத்துக்குப் பட்டு ரவிக்கை பத்தவில்லை என்று 25 நாளில் 6 கிலோ குறைத்தேன். வைகாசியில் கல்யாணம், தீபாவளிக்குள் 8 கிலோ ஏறிவிட்டது. அப்புறம் கொஞ்ச நாள் தினமும் 16 மணி நேர விரதம் இருந்து, மீதி எட்டு மணி நேரத்தில் மட்டும் சாப்பிட்டுப் பார்த்தேன். இப்போது ஒன்றரை வருஷமாக மெதுவாகத்தான் போகிறேன், 7 கிலோ குறைந்திருக்கிறது. மூன்றையும் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் எடை மெஷின். இதில் கடும் டயட்தான் ஜெயிக்கும், மறுக்க முடியாது, முதல் வாரமே இரண்டு மூன்று கிலோ இறங்கும். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று ஒரு சேமிப்பு இருக்கிறது, அது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சோற்றை நிறுத்தியதும் சேமிப்பு தீர்ந்து தண்ணீரும் போய்விடும். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு என்பது நடக்கிற கணக்கே இல்லை. மெதுவான வழியில் எனக்கு மாதம் அரைக் கிலோதான் இறங்கும், சில மாதம் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் மனசு தளராமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

அடுத்தது மனசு. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. அவர்கள் சோர்ந்துபோனார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள், எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பாகவே இருந்து சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள். என் 25 நாள் அட்டவணையில் இருந்தது 1,000 கலோரி. அந்த நாட்களில் பிள்ளைகளிடம் நான் கத்தியதெல்லாம் என் குணம் கெட்டுப்போனதால் என்று நினைத்து அழுதிருக்கிறேன். பசி செய்த வேலை அது. உங்களுக்கும் அப்படி இருந்தால் தயவுசெய்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

விரதம் இந்த விஷயத்தில் பரவாயில்லை, சாப்பிடும் நேரத்தில் வயிறார சாப்பிடலாம். ஆனால் அதில் தனி மந்திரம் ஒன்றும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருஷம் கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரே அளவு கலோரியைக் காலை 8 முதல் மாலை 4 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான நேரத்தில் சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வீட்டில் அவர் வேலை முடிந்து வர இரவு ஒன்பதாகும். எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே வேளை அது. அதில் நான் மட்டும் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

சமையலறைக்கு வருவோம். கடும் டயட்டுக்கு அவகாடோ, பிராக்கோலி என்று தனிக் கடை, தனிச் செலவு, தனிச் சமையல். மெதுவான வழியில் நம் ஊர்ச் சாப்பாடே போதும்: ஒரு களி உருண்டை, கீரைக் கடைசல், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பொரியல், ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல். கேழ்வரகும் மாவுச்சத்துதான், மூன்று உருண்டை போட்டுக்கொண்டால் எடை ஏறத்தான் செய்யும். நான் செய்தது தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காயை இரண்டு மடங்காக்கியது மட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி வந்தால் ஒரு தட்டு, கத்திரிக்காயோடும் தயிர் வெங்காயத்தோடும், நிதானமாக. முன்பெல்லாம் அதே தட்டைச் சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை முழுக்கப் பட்டினி கிடப்பேன், செவ்வாய்க்கிழமை கையில் கிடைத்ததையெல்லாம் தின்பேன்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டும்போது அரை வயிறும் ஓடும் பயிற்சியும் தலைசுற்றலில்தான் கொண்டுபோய் விடும். காலை ஐந்தரைக்குக் கோட்டை அகழியை ஒட்டி அரை மணி நடை, வாரம் ஐந்து நாள். அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் சொல்லிக் கொடுத்ததும் ஏறக்குறைய இதுதான்: வாரம் 150 நிமிட உடலுழைப்பு, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது. சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்கு அந்த 7 சதவீதம் 5 கிலோதான், கவனியுங்கள். நான் எடை மெஷினில் மாதம் ஒருமுறைதான் ஏறுகிறேன், இடுப்பை டேப்பால் அளக்கிறேன். நம்மவர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டாமல் இருந்தால் நல்லது.

கடும் டயட் யாருக்குமே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் நாளைக்குச் சுமார் 850 கலோரியோடு மூன்று முதல் ஐந்து மாதம் வரை இருந்த சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு இருந்தது, பழைய சாப்பாட்டுக்குப் படிப்படியாகத் திரும்பக் கூடவே ஆள் இருந்தார்கள். போனில் வந்த அட்டவணையை வைத்துக்கொண்டு நாம் தனியாகச் செய்வது வேறு விஷயம். உண்மையாகவே தேவை இருந்தால் டாக்டரிடம் போய் அவர் பார்வையில் செய்யுங்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, ரவிக்கை பத்தவில்லை என்றால் டெய்லரிடம் கொடுங்கள். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார், பிரித்துவிட்டால் போதும்.