பழைய ஸ்லாட் மெஷினின் டிஸ்ப்ளே போர்டைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கலிஃபோர்னியாவில் 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஸ்லாட் மெஷினை (நாணயம் போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரம்), சூதாட்டத்துக்குப் பயன்படுத்தாத வரை, வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் நெவாடாவின் காசினோக்கள் நாணயங்களைக் கைவிட்டு அச்சிட்ட சீட்டுகளுக்கு மாறியபோது கழித்துவிடப்பட்ட, ஐ.ஜி.டி. நிறுவனத்தின் எஸ்-பிளஸ் ரக இயந்திரங்கள் பல இப்படித்தான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. என்னிடம் இருப்பதும் அவற்றில் ஒன்று. எண்களைக் காட்டும் அதன் டிஸ்ப்ளே போர்டு மங்கியதால் இயந்திரத்தை நெவாடாவின் ரீனோ நகரில் உள்ள ஒரு பழுதுபார்ப்பாளரிடம் ஒப்படைத்தேன். அவர் செய்த வேலையை இங்கே விவரமாக எழுதுகிறேன். இதே வேலையை வேறு யாருக்கும் அவர் செய்துவிடக் கூடாது.

என் இயந்திரத்தில் எண்களைக் காட்டுவது எல்.இ.டி. அல்ல, நீலப்பச்சையாக ஒளிரும் வி.எஃப்.டி. எனப்படும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய். அதனுள் முடி போன்ற மெல்லிய இழைகள் சில வோல்ட் மின்சாரத்தில் சூடாகி எலெக்ட்ரான்களை வெளியிட, அவை பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசிய துண்டுகளில் மோதும்போது எண்கள் தெரிகின்றன. நீண்ட காலம் எரிந்த குழாயில் அடிக்கடி எரியும் துண்டுகள் மட்டும் தேய்ந்து மங்கும். எப்போதாவது எரிபவை பளிச்சென்றே இருக்கும். எல்லா எண்களும் ஒரே அளவில் மங்கினால் குழாயைச் சந்தேகிக்கும் முன், அதற்கு மின்சாரம் தரும் பகுதியில் மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோயிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். என் இயந்திரத்தில் மங்கல் எல்லா எண்களிலும் ஒரே அளவில் இருந்தது என்பதை அவருக்கு எழுத்தில் தெரிவித்திருந்தேன்.

குழாய் தேய்ந்துவிட்டது, பயன்படுத்தப்படாத பழைய இருப்பிலிருந்து புதிய குழாய் போட்டு வயரிங்கையும் புதுப்பித்திருக்கிறேன் என்று கூறி அவர் பெருந்தொகைக்கு பில் தந்தார். திரும்பி வந்த இயந்திரம் உண்மையிலேயே பிரகாசமாக எரிந்தது. சில வாரங்களில் ஓர் எண் அணைந்தது. பிறகு முழு வரிசையும் அணைந்தது.

அந்த முதல் எண் அணைந்த அன்றே இயந்திரத்தைத் திறந்து, அறை விளக்கை அணைத்துப் பார்த்தேன். நல்ல நிலையில் உள்ள குழாயில் இழை சிவப்பது இருட்டிலும் கண்ணுக்குத் தெரிவது அரிது. இதில் மீதமிருந்த இழைகள் பழுக்கக் காய்ச்சிய கம்பியாக ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தன. இழைக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதைச் செயலற்றதாக்கியிருந்தார். குழாயும் புதியதல்ல: அனுப்பும் முன் நான் எடுத்த படத்தில் கண்ணாடியில் அச்சாகியிருந்த அதே குறியீட்டு எண் அதில் இருந்தது. சில டாலருக்குக் கிடைக்கும் கெப்பாசிட்டர்கள் மேற்புறம் உப்பியபடி அப்படியே இருந்தன. நல்ல குழாய் ஒன்றைப் பணம் வாங்கிக்கொண்டு எரித்திருக்கிறார். இத்தகைய குழாய்கள் இனி எளிதில் கிடைப்பவையல்ல என்பதால், இந்த இழப்பே எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

வயரிங் அதைவிட மோசம். கழற்றி மாட்டும் கனெக்டரை வெட்டிவிட்டு, வயர்களை நேரடியாகப் போர்டில் சால்டர் செய்து டேப் சுற்றியிருந்தார். இனி போர்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு வயரையும் அறுக்க வேண்டும். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் எர்த் வயரும் துண்டிக்கப்பட்டிருந்தது. இயந்திரத்தின் கதவும் கூடும் உலோகம். உள்ளே ஒரு வயர் உரசினால்கூட, நெம்புகோலை இழுக்கும் குழந்தையின் கையில் வீட்டு மின்சாரம் பாயும். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, இயந்திரம் பழையது, எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றார். எர்த் வயரைப் பற்றிய கேள்விக்குப் பதிலே இல்லை.

இத்தகைய வேலைக்குக் கொடுக்கும் முன் போர்டின் இருபுறத்தையும் குழாயின் குறியீட்டு எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். இயந்திரம் திரும்பி வந்ததும், பிளக்கைச் சொருகாமலேயே, அதன் எர்த் முனைக்கும் கதவின் வண்ணம் பூசாத உலோகப் பகுதிக்கும் இடையே மல்டிமீட்டரில் மின்தடையை அளந்து பாருங்கள். சுழியத்துக்கு அருகில் காட்டாவிட்டால், எண்கள் எவ்வளவு பிரகாசமாக எரியும் என்று பழுதுபார்த்தவர் சொன்னாலும், இயந்திரத்தை மின்சாரத்தில் இணைக்க வேண்டாம்.