பிரீபே மீட்டர்: போட்ட பத்து பவுண்ட் எங்கே போகிறது?

பிரிட்டனில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் படுக்கையறையைப் பார்ப்பார்கள், குளியலறையில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மீட்டரைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கரண்ட் மீட்டரில் பிளாஸ்டிக் சாவி செருகும் இடமும், கேஸ் மீட்டரில் கார்டு நுழைக்கும் இடுக்கும் இருந்தால் அது பிரீபே வீடு. கடையில் சாவியிலும் கார்டிலும் பணம் ஏற்றி வந்து மீட்டரில் செருக வேண்டும்: பணம் முதலில், கரண்டும் கேஸும் பிறகு.

பலரும் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பழைய தகவலை முதலில் திருத்திவிடலாம். பிரீபே என்றால் யூனிட் விலை அதிகம் என்பது பல வருடங்கள் உண்மையாக இருந்தது. அதனால்தான் 2017 ஏப்ரலில் பிரீபே வீடுகளுக்கென்று தனி விலை உச்சவரம்பு வந்தது. 2023 ஜூலையில் கூடுதல் கட்டணம் நீக்கப்பட்டது. 2024 ஏப்ரலிலிருந்து ஸ்டாண்டிங் சார்ஜையும் (ஒரு யூனிட்கூட எரிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் கட்டணம்) எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் சமப்படுத்திவிட்டது. இன்று வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் கட்டுகிறவர்களைவிட பிரீபே உச்சவரம்பு சற்றுக் குறைவுதான். அப்படியிருந்தும் பிரீபே வீட்டில் பணம் கரைகிறது. யூனிட் விலையைப் பார்த்தால் அதற்குக் காரணம் தெரியாது. போட்ட பணத்திலிருந்து மீட்டர் எதை முதலில் எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

எமர்ஜென்சி கிரெடிட்டை எடுத்துக்கொள்வோம். இருப்பு ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கீழே இறங்கியதும் சாவியைச் செருகினால் இது கிடைக்கும். கரண்டும் கேஸும் விற்கும் நிறுவனத்தைப் பொறுத்து 5 பவுண்டாகவோ 10 பவுண்டாகவோ இருக்கும். இது கடன். பல மீட்டர்களில், எமர்ஜென்சியில் ஓடும் நாட்களின் ஸ்டாண்டிங் சார்ஜும், பழைய பாக்கிக்காக மீட்டர் வாராவாரம் பிடிக்கும் கடன் தவணையும் திரையில் இருப்பைக் குறைக்காமல் தனியாகச் சேர்ந்துகொண்டே போகும். கணக்காகப் பார்த்தால்: எமர்ஜென்சி 10 பவுண்டும் தீர்ந்துவிட்டது. நான்கு நாள் ஸ்டாண்டிங் சார்ஜ், நாளுக்கு 55 பென்ஸ் வீதம் 2.20. பழைய பாக்கிக்கு வாரத் தவணை 5. மொத்தம் 17.20. கடைக்குப் போய் 10 பவுண்ட் போட்டு வந்து சாவியைச் செருகினால் விளக்கு எரியாது. 20 போட்டால் திரையில் 2.80 தெரியும். மீட்டர் கெட்டுவிட்டது என்று பலர் பதறிப்போவது இந்த இடத்தில்தான். மீட்டரில் பழுது இல்லை, பழைய பாக்கி கழிந்திருக்கிறது. எடுத்த எமர்ஜென்சியை முழுதாக அடைக்கும்வரை அடுத்த எமர்ஜென்சியும் கிடைக்காது. ஆகவே எமர்ஜென்சியில் இறங்கிவிட்டால், அடுத்த தடவை ‘எமர்ஜென்சித் தொகை, அதோடு வாரத் தவணை, அதோடு இரண்டு நாள் செலவு’ என்று கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

கேஸ் மீட்டரில் பொறி கோடைக்காலத்தில். ஹீட்டிங் ஓடாது, சமையலும் கரண்ட் அடுப்பில் என்றால் ஜூனில் தீர்ந்த கார்டை யாரும் நினைக்க மாட்டார்கள். ஸ்டாண்டிங் சார்ஜுக்குக் கோடை கிடையாது. நாளுக்கு 30 பென்ஸ் என்று வைத்தாலும் 90 நாளில் 27 பவுண்ட். செப்டம்பர் கடைசியில் முதல் குளிருக்கு 10 பவுண்ட் போட்டால் அது பழைய பாக்கியிலேயே போய்விடும். கேஸ் தேவையே இல்லாத மாதங்களிலும் மாதம் 10 பவுண்ட் போட்டு வைப்பது ஒன்றுதான் வழி. குளிர்காலத்துக்கும் இது உதவும். மாதத் தவணை கட்டுகிறவர்களுக்கு வருடச் செலவு பன்னிரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிரீபே வீட்டிலோ டிசம்பர், ஜனவரி, பிப்ரவரிச் செலவை அந்தந்த வாரமே கையிலிருந்து கொடுக்க வேண்டும். வருடத்துக்கு அதே தொகைதான், ஆனால் பாரம் முழுவதும் மூன்று மாதத்தின் தலையில் விழுகிறது.

புதிதாகக் குடிபோகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, டிராயரில் கிடக்கும் பழைய சாவியை எடுத்துச் செருகுவது. அந்தச் சாவி முன்பு இருந்தவர் பெயரில் இருக்கிறது. அவர் பாக்கி வைத்திருந்தால் உங்கள் பணத்திலிருந்து வாராவாரம் போகும். முதல் நாளே மீட்டர் பட்டனை அழுத்தி ஒவ்வொரு திரையையும் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: ரீடிங், இருப்பு, கடன், வாரத் தவணை. பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டு, குடிவந்த தேதியைச் சொல்லி, கடனை நீக்கச் சொல்லிப் புதுச் சாவியும் கார்டும் கேளுங்கள். அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளில் சொந்தக்காரரே தனி மீட்டர் வைத்து வசூலிப்பதும் உண்டு. தான் வாங்கிய விலைக்கு மேல் அவர் யூனிட்டை விற்கக் கூடாது என்பது சட்டம். புதிதாக வந்த மாணவர்களுக்கு இதை யாராவது அவசியம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேஸ் தீர்ந்து மறுபடி வரவழைக்கும்போது வரிசை முக்கியம். முதலில் அடுப்புத் திருகுகளை மூடவும், பாய்லரை அணைக்கவும். கார்டைச் செருகித் திரையில் தொகை ஏறும்வரை காத்திருக்கவும். அவசரமாக உருவினால் கார்டு பிழை காட்டும். பிறகு ஏ என்று போட்ட சிவப்புப் பட்டனை அழுத்தினால் உள்ளே வால்வு திறக்கும். அடுப்பு எரிந்தும் பாய்லர் ஓடவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கேஸ் இல்லாமல் பற்றவைக்க முயன்று தோற்ற பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அதிலுள்ள ரீசெட் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் போதும். இது தெரியாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, கேஸ் மீட்டர் ஓடுவது அதற்குள் இருக்கும் பேட்டரியில். திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தால் தள்ளிப்போடாமல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்மார்ட் பிரீபே வந்த பிறகு கடைக்கு ஓடும் வேலை குறைந்திருக்கிறது. போனிலிருந்தே போடலாம், வீட்டுத் திரையில் இருப்பு தெரியும். மழையில் பேபாயின்ட் கடை (சாவியிலும் கார்டிலும் பணம் ஏற்றித் தரும் கடை) தேடி நடக்க வேண்டாம். (அந்தக் கடைகளில் பல நம்மவர்கள் நடத்துவதால் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது, அது ஒரு தனி வசதி.) ஆனால் சிக்னல் சரியில்லாத வீடுகளில் பணம் போனில் கழிந்துவிடும், மீட்டருக்கு வந்து சேராது. அப்போது ரசீதில் இருக்கும் 20 இலக்க எண்ணை மீட்டரிலேயே கையால் அடித்து ஏற்ற வேண்டும். படிக்கட்டுக்கு அடியில், இருட்டில், டார்ச் பிடித்து அடிக்கும்போது ஓர் இலக்கம் தவறினால் திரும்ப முதலிலிருந்து. வயதானவர்களுக்கு இது மிகவும் கஷ்டம். எண்ணை ஐந்து ஐந்தாகப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக்கொடுத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் அடிப்பது நல்லது.

இரவிலும் வார இறுதியிலும் வங்கி விடுமுறையிலும் இருப்பு தீர்ந்தால் கரண்டை உடனே நிறுத்தாத நேரம் உண்டு. பழைய கேஸ் மீட்டர்கள் பலவற்றில் இதை எதிர்பார்க்க முடியாது. அந்த நேரத்தில் எரிந்ததும் கணக்கில் ஏறும், திங்கள் காலை அந்த நேரம் முடிந்ததும் நின்றுவிடும். கையில் பணமே இல்லாவிட்டால் நிறுவனத்திடம் ‘அடிஷனல் சப்போர்ட் கிரெடிட்’ (பிறகு திருப்பிக் கட்ட வேண்டிய கூடுதல் கடன்) என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள். நோயாளி, கைக்குழந்தை, முதியவர் இருக்கும் வீடென்றால் கட்டாயம் சொல்லுங்கள். இலவச ஆலோசனை தரும் தொண்டு அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூலமும் உணவு வங்கிகள் மூலமும் எரிபொருள் வவுச்சர் கிடைக்கும். மீட்டரே பழுதாகிச் சப்ளை நின்றால், புகார் சொன்னதிலிருந்து வேலை நாளில் 3 மணி நேரத்துக்குள், விடுமுறை நாளில் 4 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். வராவிட்டால் நஷ்டஈடு உண்டு.

காசில்லாமல் மீட்டர் நின்றுபோவதை அதிகார மொழியில் ‘தானாகத் துண்டித்துக்கொள்ளுதல்’ என்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் 32 லட்சம் பேருக்கு இப்படி இருப்பு தீர்ந்தது என்பது சிட்டிசன்ஸ் அட்வைஸ் சொன்ன கணக்கு. குளிரில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் மேலேயே பழியைப் போடும் சொல் இந்தத் ‘தானாகத் துண்டித்துக்கொள்ளுதல்’. பாக்கிக்காக நீதிமன்ற வாரன்டோடு வீடு புகுந்து பிரீபே மீட்டர் மாட்டியது 2023 பிப்ரவரியில் வெளியே வந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதே வருடம் வந்த விதிகளின்படி, வேறு துணையில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டிலும், 2 வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டிலும் கட்டாயமாக மாட்டக் கூடாது. மற்ற வீடுகளிலும் குறைந்தது 10 தடவை தொடர்புகொள்ள முயன்றிருக்க வேண்டும்.

வாரத் தவணை அதிகமாக இருந்தால் குறைக்கச் சொல்லலாம். உங்களால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத்தான் தொகை வைக்க வேண்டும் என்பது விதி. வரவு செலவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சீக்கிரம் முடியும். பாக்கி இருந்தாலும் கரண்டுக்கு 500, கேஸுக்கு 500 பவுண்ட் வரை என்றால் கடனோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மாறும் நாளில் திரையில் உள்ள இருப்பைப் படம் எடுத்து, கடைசி டாப் அப் ரசீதோடு சேர்த்து வையுங்கள். பழைய நிறுவனத்திடம் மிச்சப் பணத்தைக் கேட்கும்போது அவை தேவைப்படும்.