வீட்டுக்கே போவதா, கூட்டமாகக் கூப்பிடுவதா?

நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு தாயையும் வீட்டில் போய்ப் பார்ப்பது நல்லதா, பத்துப் பதினைந்து பேரை ஒரே இடத்தில் கூட்டிப் பேசுவதா? குழந்தை பிறந்த முதல் ஆறு வாரத்துக்கு நான் வீட்டைத்தான் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னபடி முதல் 24 மணி நேரக் கவனிப்புக்கு அப்புறம் குறைந்தது 3 முறை, அதாவது 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், பிறகு ஆறாவது வாரத்தில் பார்க்க வேண்டும்.

குழந்தையின் துணியை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணிப் பார்த்து, அப்போதும் குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் கூட்டத்தில் செய்யவே முடியாது. தாய் வாய்விட்டு அழுவதும் வீட்டில்தான்.

கூட்டத்தின் பலம் வேறு. சொந்த பந்தம் இல்லாத இடத்துக்குக் குடிவந்த பெண்ணுக்கு அங்கேதான் துணை கிடைக்கிறது. ஆனால் பகலில் வேலைக்குப் போகிறவள் எப்படி வருவாள்? அவளுக்குத்தானே உதவி அதிகம் தேவை!