ஒரே ஒருவரைச் சேர்க்கப் போய் 412 எண்கள் போச்சு: எச்சரிக்கை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். செலவைப் பங்கு பிரித்துக் கணக்கு வைக்கும் இலவச ஆப் வகை. அதில் ஒரே ஒருவரைச் சேர்க்கப் போய், போனில் இருந்த 412 பேரின் எண்களும் அவர்கள் சர்வருக்கு ஏறிவிட்டன. சில நிமிடங்களில் 412 பேருக்கும் என் பெயரில் அழைப்பு எஸ்எம்எஸ்.

ஏமாந்தது இந்த இடத்தில்தான்: போனின் அனுமதிப் பெட்டி வருவதற்கு முன்னால் ஆப் தானாக ஒரு திரையைக் காட்டும். பூட்டுப் படம், அடியில் “உங்கள் தொடர்புகளை நாங்கள் சேமிப்பதில்லை” என்று ஒரு வரி. “தொடர்க” பெரிய பச்சைப் பொத்தான். “இப்போது வேண்டாம்” சாம்பல் நிறத்தில், பொத்தான் என்றே தெரியாமல் மூலையில். அந்தத் திரையை எழுதுவது ஆப்காரர்கள், அதில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அடுத்து வரும் சிஸ்டம் பெட்டிதான் நிஜம். ஆண்ட்ராய்டில் அங்கே அனுமதி கொடுத்தால் மொத்தப் பட்டியலும் போகும்: பெயர், எண், மின்னஞ்சல், பிறந்தநாள் வரை. ஐபோனில் 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் சிலரை மட்டும் தேர்ந்து கொடுக்கலாம்.

வயிறு எரிவது எதற்கென்றால், ஒருவரைச் சேர்க்க இந்த அனுமதியே தேவையில்லை. போனின் சொந்தப் பட்டியலைத் திறந்து, நாம் தொட்ட பெயரை மட்டும் ஆப்பிடம் கொடுக்கும் வசதி இரண்டு வகைப் போன்களிலும் பல வருடமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு மொத்தமாகக் கேட்கிறார்கள் என்றால் அவர்களுக்கு வேண்டியதே அந்தப் பட்டியல்தான்.

புகார் கொடுத்தால்? முதலில் டிக்கெட் எண், அவ்வளவுதான். பிறகு, “அனுமதியை நீக்குங்கள், சரியாகிவிடும்.” ஆகாது. அனுமதியை எடுத்தால் இனிமேல் படிப்பது நிற்கும். ஏறிப்போன 412 எண்கள் அங்கேயே கிடக்கும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதே கதைதான்.

மூன்றாவது பதில்தான் உச்சம்: “எண்களை ஹாஷ் செய்து வைத்திருக்கிறோம், யாராலும் படிக்க முடியாது.” ஹாஷ் என்றால் எண்ணை நேரடியாகத் திருப்ப முடியாத ஒரு குறியீடாக மாற்றுவது; ஆனால் ஒரே எண்ணுக்கு ஒரே முறையில் செய்தால் எப்போதும் ஒரே குறியீடுதான் வரும். பத்து இலக்க எண்ணுக்கு மொத்தமே 1,000 கோடி சாத்தியங்கள். எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்தால் அசல் எண் வெளியே வந்துவிடும். இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய வேலையே இல்லை. அதை விடுங்கள், படிக்க முடியாத எண்ணுக்கு எஸ்எம்எஸ் எப்படிப் போனதாம்?

நான்காவது: “சம்மதம் கொடுத்தது நீங்கள்தானே.” அந்த 412 பேரில் ஒருவராவது கொடுத்தாரா? 2018 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், சம்மதத்தைக் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. இவர்களிடம் கொடுக்க ஒரு தட்டு போதும். திரும்பப் பெற அடையாள அட்டை நகல் கேட்கிறார்கள். இருப்பதை அழிக்க இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டுமாம்!

ஆத்திரத்தில் அந்த ஆப்பில் இருந்த என் கணக்கையே (அக்கவுண்ட்) நீக்கினேன். அது பெரிய தப்பு. கடைசிப் பதில்: “கணக்கு இல்லாததால் உங்கள் கோரிக்கையைச் சரிபார்க்க இயலவில்லை.”

விரிவாக வழிமுறை எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மாட்டியவர்கள் முதலில் ஆப்புக்குள் காண்டாக்ட் சிங்க்கை (தொடர்புப் பட்டியலைத் தானாகப் பதிவேற்றும் வசதி) நிறுத்துங்கள், அடுத்து போன் செட்டிங்ஸில் அனுமதியை எடுங்கள், அதன் பிறகே “பதிவேற்றிய தொடர்புகளை அழி” என்பதைத் தேடுங்கள். வரிசை மாறினால் அழித்த பட்டியல் மறுபடி ஏறிவிடும். அழிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்கு நீக்கம் கடைசியில்தான். என் பெயரில் உங்களுக்கு அழைப்பு வந்திருந்தால் அந்த லிங்கைத் தொடாதீர்கள், நான் அனுப்பவில்லை.