பழைய பிக்கப்பில் மின் பிரேக் டிரெய்லர்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் பிக்கப் 1990ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250, 7.5 லிட்டர் வி8 எஞ்சின். அதில் நான் இழுப்பது இரண்டு அச்சுள்ள, 7,000 பவுண்டு தாங்கும் திறந்த டிரெய்லர். பெரும்பாலும் சிறிய டிராக்டரும் வைக்கோல் கட்டுகளும்தான் ஏறும். டெக்சாஸில் டிரெய்லரின் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் கேட்காவிட்டாலும் நான் போட்டிருப்பேன். கெர்வில்லிலிருந்து மெடினாவுக்குப் போகும் 16ஆம் நெடுஞ்சாலையின் இறக்கங்களில், முழுச் சுமையையும் பிக்கப்பின் பிரேக்கை மட்டும் நம்பி இறக்குவது ஆபத்து.

புதிய பிக்கப்களில் இதற்கான இணைப்பு தொழிற்சாலையிலிருந்தே வந்துவிடுகிறது. என் வண்டியில் எல்லா வயர்களையும் நானே இழுத்தேன். இத்தனை ஆண்டு ஓட்டியபின் எனக்கு உறுதியாகத் தெரிவது: டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரத்தை அளந்து அனுப்பும் கண்ட்ரோலர் எந்த நிறுவனத்துடையது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, வயரிலும் எர்த்திலும் காசு போடுவதே மேல்.

காரணம் எளியது. டிரெய்லர் சக்கரத்தின் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால் அது சுழலும் டிரம்மின் உட்பரப்போடு ஒட்டி இழுபடும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் ஷூக்கள் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். எவ்வளவு மின்சாரம் போகிறதோ, அந்த அளவுக்குத்தான் பிடிப்பு. 10 அங்குல பிரேக்கில் ஒரு காந்தத்துக்குச் சுமார் 3 ஆம்பியர். நான்கு சக்கரங்களுக்கு 12. போக 20 அடி, வர 20 அடி என்று வைத்துக்கொண்டால், 16 கேஜ் வயரில் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) ஏறத்தாழ 2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 10 கேஜில் அரை வோல்ட்தான் போகும். பேட்டரியிலிருந்து கண்ட்ரோலருக்கும், அங்கிருந்து பின்பக்க பிளக்குக்கும் 10 கேஜ் வயரே போட்டேன். பேட்டரிக்குப் பக்கத்தில், தானாக மீண்டும் இணையும் 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர்.

கண்ட்ரோலரில் நான்கு வயர்கள்: கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, நீலம் டிரெய்லர் பிரேக்குக்கு. நான்காவதான சிவப்புதான் கவனம் கேட்பது. பிரேக்கை மிதித்த செய்தியை அதுதான் கொண்டுவர வேண்டும். இந்த வண்டியின் பின்விளக்கில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழைதான். பின்விளக்கு வயரிலிருந்து சிவப்பை எடுத்தால், இண்டிகேட்டர் துடிக்கும்போதெல்லாம் பிரேக் மிதிக்கப்பட்டதாகக் கண்ட்ரோலர் எண்ணிக்கொள்ளும். திரும்பும்போது பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் விட்டுவிட்டுப் பிடிக்கும். ஆகவே பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சிலேயே எடுக்க வேண்டும். அங்கே வெளிர்பச்சை வயரைத் தேடுங்கள்; கோடு எதுவும் இல்லாத வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். ஆரஞ்சுக் கோடு போட்ட வெளிர்பச்சை இடது பின்விளக்குக்குப் போவது. டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் கோடு எளிதில் தெரியாது. சோதனை விளக்கை வைத்து, மிதித்தால் மட்டும் எரிகிறதா என்று பார்த்த பிறகே வெட்டுங்கள்.

டிரெய்லரை இணைக்கும் ஏழு முனை பிளக்கில் வயரின் நிறத்தை நம்பவே கூடாது. சாதாரண நாலு முனை டிரெய்லர் முறையில் பச்சை வலது இண்டிகேட்டர், பழுப்பு பின்விளக்கு. வீட்டு டிரெய்லர்களுக்கான முறையில் பச்சை பின்விளக்கு, பழுப்பு வலது இண்டிகேட்டர். முனை இருக்கும் இடத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சோதித்து இணைப்பதே வழி. டிரெய்லர் பல்புகளின் சுமை கூடியதும் இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் பழைய வெப்ப ஃபிளாஷர் வேகமாகத் துடிக்கத் தொடங்கியது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டதும் சரியானது.

நாள்பட்ட பழுதுகள் என்று பார்த்தால், கண்ட்ரோலர் ஒருமுறைகூடத் தொல்லை தரவில்லை. நான் வைத்திருப்பது டெகான்ஷா புரோடிஜி பி2. வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் அனுப்பும் வகை என்பதால், மெல்ல மிதித்தால் மெல்லப் பிடிக்கிறது. அழுத்தி மிதித்தால் அழுந்தப் பிடிக்கிறது. தொல்லையெல்லாம் டிரெய்லர் பக்கம்தான். முதலில் எர்த். இழுவைக் குண்டும் கொக்கியும் உரசுவதை நம்பி எர்த்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிரீஸும் துருவும் சேர்ந்தால் பிரேக் தளர்ந்துபோகும். பிளக்கின் வெள்ளை முனையிலிருந்து தனித் தடித்த வயராக பேட்டரி வரை கொண்டுபோனேன். அடுத்தது, இந்த வகை டிரெய்லர்கள் பலவற்றில் உள்ள குறை: வலது சக்கரத்துக்கான வயரை அச்சுக் குழாய்க்குள் தொங்கவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு குலுங்கலிலும் அது குழாயின் இரும்பில் உரசுகிறது. என் டிரெய்லரில் உறை தேய்ந்து செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் கண்ட்ரோலர் ஷார்ட் சர்க்யூட் என்று காட்டி, சமதரையில் நின்றதும் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். மறைந்து மறைந்து வந்த பழுதுக்கு அதுவே மூலம். குழாய்க்கு வெளியே, இரட்டை உறை வயரை அச்சின் மேல் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். அதன்பிறகு அந்த எச்சரிக்கை வரவில்லை.

காந்தம் வேலை செய்கிறதா என்று அறிய, ஒருவர் கண்ட்ரோலரின் கைவிசையைத் தள்ள, மற்றவர் டிரம்மில் காதை வைத்தால் போதும். மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்காத சக்கரத்தில் வயரைத் தேடுங்கள்.

பிடிப்பின் அளவை, சுமை ஏற்றிய பிறகு, சமமான உலர்ந்த சாலையில் மணிக்கு 25 மைல் வேகத்தில் சரிபார்க்கிறேன். கைவிசையைத் தள்ளும்போது டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு ஏற்றி, அதிலிருந்து சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். சுமை மாறினால் அளவும் மாற வேண்டும். ஷூவும் டிரம்மும் விலகியிருந்தால் எந்த அளவும் பலிக்காது. ஷூக்களை விரிக்கும் சிறு நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி இடைவெளியைக் குறைக்கும் வேலை 3,000 மைலுக்கு ஒருமுறை வரும்.

டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் சுவிட்சின் சிறு பேட்டரியை மறந்துவிடாதீர்கள். அது செத்திருந்தால் டிரெய்லர் கழன்று ஓடும்போது பிரேக் பிடிக்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சுவிட்சின் ஊசியை இழுத்து, வண்டியை அரையடி நகர்த்திப் பாருங்கள். சக்கரங்கள் இழுபட வேண்டும். உடனே ஊசியைத் திரும்பச் செருகிவிடுங்கள். நீண்ட நேரம் விட்டால் பேட்டரி தீரும், காந்தமும் சூடேறும்.