கம்ப்ரஸரை மட்டும் மாற்றுவதா, முழு அமைப்பையும் சீர்செய்வதா?

கார் ஏசியில் குளிர்வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் இரண்டாவது முறையும் பழுதானால், கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. புதியதை மட்டும் பொருத்தினால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் பழையது உள்ளே தேய்ந்து உடைந்திருந்தால், அதன் உலோகத் துகள்கள் எண்ணெயோடு, வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்வரை பரவியிருக்கும். அவை சுற்றி வந்து புதியதையும் தின்றுவிடும்.

முழுச் சீரமைப்பில் குழாய்களைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் டிரையரையும், குளிரூட்டியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றுவார்கள். இன்றைய கண்டென்சர்களின் தடங்கள் மிக நுண்ணியவை. கழுவினாலும் துகள் முழுதாக வெளியேறாது, ஆகவே அதையும் மாற்றத்தான் வேண்டும். பிறகு காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டு, உரிய எண்ணெயைச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். செலவு கூடும்தான். ஆனாலும் உள்ளே உடைந்த கம்ப்ரஸருக்கு நான் இதையே சொல்வேன்.

வெளி சீலில் கசிவு மட்டும் இருந்து, வடித்த எண்ணெய் தெளிவாக இருந்தால், டிரையரையும் சேர்த்து மாற்றும் முதல் வழியே போதும்.

எந்த வழியானாலும், கண்டென்சர் விசிறியையும் வாயுக் கசிவையும் சோதிக்காமல் புதியதைப் பொருத்த விடாதீர்கள். விசிறி நின்றால் அழுத்தம் எகிறும். வாயு குறைந்தால் எண்ணெய் திரும்பி வராமல் கம்ப்ரஸர் வறண்டு இறுகிவிடும்.