தனி ஆளாகவா, கம்பெனியாகவா? குமரி மாவட்டத்து ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஒரு கணக்கு

வளைகுடா எண்ணெய் நிறுவனங்களில் பல ஆண்டுகள் பைப்பிங் வரைபட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள். பழைய முதலாளியே "வீட்டிலிருந்து செய்து கொடுங்கள், மாதாமாதம் பில் அனுப்புங்கள்" என்கிறார். களியக்காவிளை தாண்டி டெக்னோபார்க்குக்குத் தினமும் போய் வந்த மென்பொருள்காரர்களில் சிலரும் இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "கம்பெனி பதிவு செய்துவிடட்டுமா?"

தனி ஆளாக வேலை செய்பவருக்கு, பெரும்பாலும் இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணம் வரியில் தொடங்குகிறது.

ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கும் ஒரு பைப்பிங் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். கணினி, மென்பொருள் உரிமம், இணையம், மின்சாரம் எல்லாம் சேர்த்து உண்மையான செலவு 6 லட்சம். அவர் தனிநபராக இருந்தால் 2025-26 நிதியாண்டுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு கைகொடுக்கிறது. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்கள் செய்பவர், வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். வரவு 50 லட்சம் வரை இது பொருந்தும். ரொக்கமாக வாங்குவது 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. ஆக 20 லட்சத்துக்குத்தான் வரி. அந்த நிதியாண்டின் புதிய வரி முறையில், செஸ் (வரியின் மேல் வரும் கூடுதல் தீர்வை) உட்பட 2,08,000 ரூபாய். நிதியாண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய முன்வரியையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம்.

அதே மனிதர் கம்பெனி வைத்தால் 44ஏடிஏ கிடையாது. லாபம் 34 லட்சம். அதில் 20 லட்சத்தைச் சம்பளமாக எடுத்தால், 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக அவர் கட்டுவது 1,92,400. மீதி 14 லட்சத்துக்குக் கம்பெனி 25.168 சதவீதம், அதாவது சுமார் 3,52,000 கட்டும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5,45,000. ஆடிட்டர் கட்டணத்தை இன்னும் நான் சேர்க்கவே இல்லை. கம்பெனியில் தங்கிய பணத்தை டிவிடெண்டாக எடுத்தால் அதற்கும் தனியாக வரி உண்டு. முழு 34 லட்சத்தையும் சம்பளமாகவே எடுத்துக்கொண்டால் வரி 6 லட்சத்தைத் தொடும். ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் கூடுதலாகக் கொடுத்து "பிரைவேட் லிமிடெட்" பலகையை வாசலில் மாட்ட வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை இரண்டு வழிக்கும் வேறுபாடு இல்லை. சேவைக்கு 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. திருவனந்தபுரத்து வாடிக்கையாளருக்குப் பில் போட்டால் மாநில எல்லை தாண்டுவதால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்று நம் பக்கம் பலர் இன்னும் நம்புகிறார்கள். 2017 அக்டோபரிலேயே சேவைகளுக்கு அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது.

"வரி போகட்டும், லிமிடெட் என்றால் வீட்டுக்கும் நிலத்துக்கும் பாதுகாப்பு அல்லவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சட்டப்படி பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட முதலோடு நின்றுவிடும். ஆனால் சிறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி இயக்குநரிடம் சொந்த ஜாமீன் கையெழுத்தும் கேட்கும். அங்கே அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. வரைபடத்தில் வரும் பிழைக்குத்தான் பயம் என்றால், "என் மொத்தப் பொறுப்பு இந்த வேலைக்குப் பெற்ற கட்டணத்தைத் தாண்டாது" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் இருக்கிறது. இவை தனி ஆளுக்கும் கிடைக்கும்.

சரி, வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனிக்குத்தான் வேலை தருவேன் என்கிறார், அல்லது வரவு 75 லட்சத்தைத் தாண்டுகிறது, அல்லது நான்கு பேரை வேலைக்கு வைத்து வளரப் போகிறீர்கள். அப்போது கம்பெனி சரிதான். ஆனால் எந்தக் கம்பெனி?

இங்கேதான் நம் ஊரில் நடக்கும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும் என்பதால், மனைவியையோ வயதான அம்மாவையோ கையெழுத்துக்காக இயக்குநர் ஆக்கிவிடுகிறார்கள். தொடர்ந்து மூன்று ஆண்டு கணக்கும் ஆண்டறிக்கையும் தாக்கல் செய்யாமல் விட்டால், இரண்டு இயக்குநர்களுமே ஐந்து ஆண்டு தகுதி இழப்பார்கள். நாளை அந்தப் பெண் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்க நினைத்தால் கதவு மூடியிருக்கும். தாமதக் கட்டணமும் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவங்கள் ஓராண்டு தள்ளிப்போனால் 73,000.

தனி ஆளுக்கு நேர்மையான வழி, 2013 கம்பெனிச் சட்டம் கொண்டுவந்த ஒரு நபர் கம்பெனி. பங்குதாரர் ஒருவர், இயக்குநர் ஒருவர் போதும். அவருக்குப் பின் யார் என்று ஒரு நாமினியை எழுதித் தர வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் தேவையில்லை. முன்பு 2 கோடி விற்றுமுதலைத் தாண்டினால் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றியே ஆக வேண்டும் என்றிருந்தது. 2021 ஏப்ரலில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அப்போதே வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும் தொடங்கலாம் என்று ஆனது, இயக்குநர் ஒருவராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் போதும். மஸ்கட்டுக்கும் குளச்சலுக்குமாக அலைபவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. தணிக்கை மட்டும் இதிலும் தப்பாது. வரவு ஒரு லட்சமே ஆனாலும் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும்.

எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம், இரண்டு நண்பர்கள் சேர்ந்து செய்யும் தொழிலுக்குப் பொருந்தும். விற்றுமுதல் 40 லட்சத்தையும் முதலீடு 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கை இல்லை. ஆனால் லாபத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் செஸ், 44ஏடிஏவும் கிடையாது. தனி ஆள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பதிவு ஆன்லைனில்தான், விண்ணப்பத்தைப் பார்ப்பது ஹரியானாவின் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். நம் மக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அலுவலக முகவரிச் சான்றில். மின்கட்டண ரசீது இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, நம் மின்வாரியமோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறது. அதோடு பல வீடுகளில் மின் இணைப்பு இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். அந்த முகவரியைப் பயன்படுத்த வீட்டுக்காரர் தர வேண்டிய ஆட்சேபணையில்லாக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது? முதலில் இணைப்பைப் பெயர் மாற்றுங்கள், புது ரசீது வந்த வாரத்திலேயே விண்ணப்பியுங்கள்.

அவசரம் இல்லையென்றால் ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பதிவு செய்வது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை பதிவாகும் கம்பெனிக்குக் கம்பெனிச் சட்டப்படி முதல் நிதியாண்டு அடுத்த ஆண்டு மார்ச் 31-ல்தான் முடியும். டிசம்பரில் பதிவு செய்தவருக்கோ மூன்று மாதத்திலேயே முதல் தணிக்கை வந்து நிற்கும். வருமான வரிக் கணக்கை மட்டும் அந்தச் சில மாதங்களுக்கும் தாக்கல் செய்ய வேண்டும். பதிவான 180 நாட்களுக்குள் பங்கு முதலைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, தொழில் தொடங்கியதற்கான ஐஎன்சி-20ஏ படிவத்தையும் கொடுத்துவிடுங்கள். தவறினால் கம்பெனிக்கு அபராதம் 50,000 ரூபாய்.